லாகோஸ் விமான நிலையத்தில் இறங்கப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்

நைஜீரியாவின் லாகோஸில் வேலை கிடைத்திருக்கிறது என்று சொன்னதும் வீட்டில் யாராவது ஒருவர் இணையத்தில் தேடி, அந்த விமான நிலையத்தைப் பற்றிய பழைய கதைகளை எடுத்து வைத்துவிடுவார்கள். அந்தக் கதைகள் பொய்யில்லை. 1990-களில் அமெரிக்க விமான நிலையங்களில் 'லாகோஸ் விமான நிலையத்தில் போதிய பாதுகாப்பு இல்லை' என்று பயணிகளுக்கு எச்சரிக்கைப் பலகையே வைத்திருந்தார்கள். 1993-இல் அமெரிக்கா இரு நாடுகளுக்கும் இடையிலான நேரடி விமானங்களை நிறுத்தியது. ஓடுபாதைக்கு நகர்ந்துகொண்டிருந்த விமானத்தை வழிமறித்து சரக்கறையைத் திறந்து திருடிய சம்பவங்களும் அந்தக் காலத்தில் நடந்தன. ஆனால் அதெல்லாம் பழைய லாகோஸ். 2010-இல் அதே அமெரிக்கா நைஜீரியாவின் விமானப் பாதுகாப்புக்கு முதல் தரச் சான்று கொடுத்தாயிற்று. இன்றைக்கு அங்கே இறங்குகிற நம்மவர்கள் அவதிப்படுவது பெரும்பாலும் இரண்டு காரணங்களால்தான். ஒன்று, கையில் சரியான காகிதம் இல்லாதது. இன்னொன்று, நாம் கூப்பிடாமலே உதவிக்கு வருகிறவரிடம் தலையாட்டிவிடுவது. நான் குடும்பத்தோடு லாகோஸில் இருக்கிறவன், ஊரிலிருந்து வருகிறவர்களை அழைத்துவரப் போவது எனக்குப் பழகிப்போன வேலை, அதனால் தெரிந்ததைத் தெரிந்தபடி சொல்கிறேன்.

முதலில் மஞ்சள் காய்ச்சல் அட்டை. விசாவுக்கு ஓடுகிற ஓட்டத்தில் இதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுகிறவர்கள் நிறையப் பேர். தள்ளாதீர்கள். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் அந்தச் சான்றிதழ் செல்லுபடியாகும், அதனால் பயணத்துக்கு முந்தைய வாரம் ஓடிப்போய்ப் போட்டுக்கொண்டு பிரயோசனமில்லை. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டிலும் துறைமுக சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள், நாளும் நேரமும் முன்னாலேயே விசாரித்துக்கொண்டு பாஸ்போர்ட்டோடு போக வேண்டும். முட்டை அலர்ஜி இருந்தாலோ, வயது 60-ஐத் தாண்டியிருந்தாலோ முதலில் டாக்டரிடம் பேசுங்கள். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும், 2016 ஜூலையிலிருந்து அதுதான் விதி, '10 வருஷம்தான்' என்று பழைய அட்டையில் அச்சாகியிருந்தாலும் கவலை வேண்டாம். அட்டையில் இருக்கும் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் எழுத்து பிசகாமல் இருக்கின்றனவா என்று ஊசி போட்ட மேஜையிலேயே நின்று பார்த்துவிடுங்கள், நம் இனிஷியல் குழப்பம் இங்கேதான் முதலில் தலைகாட்டும்.

இந்த அட்டை லாகோஸில் நுழைய மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். திரும்பி வரும்போதுதான் இதன் அருமை தெரியும். நைஜீரியா மாதிரி மஞ்சள் காய்ச்சல் உள்ள நாட்டிலிருந்து செல்லுபடியாகும் அட்டை இல்லாமல் இந்தியாவில் வந்து இறங்கினால் 6 நாள் வரை தனிமைப்படுத்தி வைக்க நம் சட்டத்தில் இடம் இருக்கிறது. சென்னையில் இமிக்ரேஷனுக்கு முன்னாலேயே சுகாதார மேஜையில் கேட்பார்கள். கல்யாணத்துக்கு ஊர் வருகிறவர் வீட்டுக்குப் போகாமல் அங்கே உட்கார வேண்டியிருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதனால் அட்டையை லாகோஸ் வீட்டு அலமாரியில் விட்டுவிட்டுக் கிளம்பாமல் பாஸ்போர்ட் உறைக்குள்ளேயே நிரந்தரமாக வைத்துவிடுங்கள்.

விசா விஷயம் கொஞ்சம் மாறியிருக்கிறது. வந்திறங்கி விமான நிலையத்தில் விசா வாங்குகிற முறை முன்பு இருந்தது, 2025 மே மாதத்திலிருந்து அதற்குப் பதிலாக இ-விசா வந்துவிட்டது. விமானத்தில் பேனா கடன் வாங்கி எழுதுகிற வருகை அட்டையும் இணையத்துக்குப் போய்விட்டது, கிளம்புவதற்கு முன்பே நிரப்பிவிட வேண்டும். இதெல்லாம் அடிக்கடி மாறுகிற சமாசாரம் என்பதால் நைஜீரிய இமிக்ரேஷன் தளத்தை டிக்கெட் போட்ட பிறகு ஒருமுறையும் கிளம்பும் வாரத்தில் ஒருமுறையும் பாருங்கள், ஏஜென்ட் சொன்னார் என்பது போதாது. வேலைக்குப் போகிறவர்கள் எஸ்டிஆர் எனப்படும் வேலை விசாவில் போவீர்கள், அதில் நுழைந்து 90 நாளுக்குள் கம்பெனி உங்களுக்கு செர்பாக் எனப்படும் குடியிருப்பு அட்டை எடுத்துத் தர வேண்டும். சிலர் செலவை மிச்சம் பிடிக்க பிசினஸ் விசாவில் போய் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லும் முதலாளியை நம்பிக் கிளம்புகிறார்கள். செய்யாதீர்கள். கவுன்டரில் 'என்ன வேலையாக வந்தீர்கள்' என்று கேட்கும்போது நீங்கள்தான் தனியாக நிற்பீர்கள், முதலாளி அங்கே இருக்க மாட்டார்.

காகிதங்களை அச்செடுத்துக் கையில் வையுங்கள். விசா, கம்பெனியின் அழைப்புக் கடிதம், தங்கும் இடத்தின் முழு முகவரி, அங்கே உங்களுக்குப் பொறுப்பானவரின் பெயர், நைஜீரிய போன் எண். போனில் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு, சார்ஜ் இறங்கிய போனைக் கவுன்டரில் தட்டிக்கொண்டு நிற்பது வேண்டாம்.

இனி விமான நிலையம். இதன் முழுப் பெயர் முர்தலா முகமது சர்வதேச விமான நிலையம், லாகோஸின் நிலப்பகுதியில் இகேஜாவில் இருக்கிறது. முர்தலா முகமது நைஜீரியாவின் ராணுவ ஆட்சித் தலைவராக இருந்தவர், 1976 பிப்ரவரி 13 அன்று லாகோஸ் நெரிசலில் கார் மெதுவாக நகர்ந்தபோது சுட்டுக் கொன்றார்கள். குண்டு துளைத்த அந்த பென்ஸ் கார் ஒனிகான் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, உங்கள் கைக்கு வரப்போகும் 20 நைரா தாளில் இருப்பதும் அவர் முகம்தான். பழைய சர்வதேச முனையம் ஆம்ஸ்டர்டாம் ஸ்கிபோல் விமான நிலையத்தை மாதிரியாக வைத்துக் கட்டி 1979-இல் திறந்தது. பக்கத்தில் சீன நிறுவனம் கட்டிய புது முனையம் 2022 மார்ச்சில் திறந்தது, வருஷத்துக்கு 1 கோடியே 40 லட்சம் பயணிகளைக் கையாளலாம் என்று சொல்லி 66 செக்-இன் கவுன்டர்களோடு கட்டினார்கள். ஆனால் பக்கத்திலிருந்த தனியார் விமானக் கொட்டகைகள் இடத்தை அடைத்துக்கொண்டதால் பெரிய விமானங்கள் அங்கே வந்து நிற்க முடியாமல் கொஞ்ச காலம் இழுத்தது. பழைய முனையத்தை உள்ளே மொத்தமாகப் பிரித்துக் கட்ட 2025 ஜூலை இறுதியில் அரசு 71,200 கோடி நைராவுக்கு மேல் ஒதுக்கி ஒப்புதல் கொடுத்தது. உங்களுக்கு இதில் தேவையான சேதி ஒன்றுதான்: எந்த விமானம் எந்த முனையம் என்பது மாறிக்கொண்டே இருக்கிறது, போன வருஷம் வந்த நண்பர் சொன்னதை நம்பாமல் டிக்கெட்டிலும் விமான நிறுவனத்தின் செய்தியிலும் பாருங்கள். அழைக்க வருகிறவரிடமும் அதைச் சொல்லிவிடுங்கள்.

விமானத்திலிருந்து இறங்கியதும் முதலில் சுகாதார மேஜை, மஞ்சள் அட்டையைக் காட்ட வேண்டும். அடுத்து இமிக்ரேஷன். இந்த இடத்தில் நம்மவர்கள் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. நைஜீரியாவில் வணக்கம் சொல்லாமல் எந்தப் பேச்சும் தொடங்காது. நாம் வரிசையில் நின்று பாஸ்போர்ட்டை நீட்டிவிட்டுப் பேசாமல் நிற்போம், ஊரில் அது அடக்கம், அங்கே அது திமிர் மாதிரி தெரியும். "குட் மார்னிங் சார்", "குட் ஈவினிங் மா" என்று முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். வேலையில் இருப்பவரிடம் "வெல் டன் சார்" என்று சொல்வது அங்கே சாதாரண மரியாதை. நான் பார்த்தவரை, அதிகாரியின் நெற்றிச் சுருக்கம் அந்த ஒரு சொல்லில் இளகிவிடும். கேள்விக்குச் சுருக்கமாக, நேராகப் பதில் சொல்லுங்கள், கேட்காததைச் சொல்ல வேண்டாம்.

சிலர் சிரித்துக்கொண்டே "எனிதிங் ஃபார் தி பாய்ஸ்?" என்றோ, வெள்ளிக்கிழமையானால் "ஹேப்பி வீக்கெண்ட்" என்றோ சொல்வார்கள். காசு கேட்கிறார்கள். கொடுக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. 2017 மே மாதம் அரசே ஓர் ஆணை போட்டது: துறைமுகம், விமான நிலையம் எதிலும் யாரும், அதிகாரியானாலும் வெளியாளானாலும், பயணியிடம் இப்படிக் கேட்கக் கூடாது, வேலையில் இருப்பவர் சீருடையும் அடையாள அட்டையும் போட்டிருக்க வேண்டும், வேலை இல்லாதவர் அங்கே நிற்கவே கூடாது. அதற்காக ஆணையை மேற்கோள் காட்டி வாதாட வேண்டாம். நீங்களும் சிரித்து, "நெக்ஸ்ட் டைம் சார், காட் பிளெஸ் யூ" என்று சொல்லிவிட்டு நில்லாமல் நடங்கள். பயந்து பர்ஸை எடுத்தால், அடுத்த மேஜையில் இருப்பவருக்கும் அது தெரியும். முகம் சுளித்து முறைத்தாலும் தப்பு, பெட்டி முழுவதும் பிரியும். சிரித்த முகமாக, காசு கொடுக்காமல் நகர்வதுதான் வழி, கொஞ்சம் பழகினால் வந்துவிடும்.

பெட்டி வரும் இடத்தில் பொறுமை வேண்டும், சில நாள் சீக்கிரம் வரும், சில நாள் ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகும். பெட்டியில் ஒட்டியதற்கான துண்டுச் சீட்டைக் கட்டாயம் பத்திரமாக வையுங்கள், வெளியே போகும் வாசலில் அந்த எண்ணையும் பெட்டியில் இருக்கும் எண்ணையும் ஒத்துப் பார்த்துத்தான் விடுவார்கள். டிராலி தள்ளுகிறேன், பெட்டி எடுத்துத் தருகிறேன், கஸ்டம்ஸில் பேசி விடுகிறேன் என்று வருகிறவரிடம் "நோ, தேங்க் யூ, ஐ ஆம் ஓகே" என்று முதல் வார்த்தையிலேயே முடித்துவிடுங்கள். அவர் கை உங்கள் பெட்டியில் பட்டுவிட்டால் அது கூலி. அதைவிட முக்கியமாக, பாஸ்போர்ட்டை சீருடை இல்லாத யார் கையிலும் கொடுக்காதீர்கள்.

கஸ்டம்ஸ் மேஜைக்கு வருவோம், நம் ஆட்களுக்கு இங்கேதான் அதிக நேரம் பிடிக்கும். காரணம் நம் பெட்டிக்குள் இருக்கும் பொடிகள். சாம்பார்ப் பொடி, இட்லிப் பொடி, உளுந்து மாவு, கட்டிப் பெருங்காயம், எல்லாம் அம்மா கையால் அரைத்து எந்தப் பெயரும் இல்லாத பாலிதீன் பையில் போட்டு, நூல் கட்டி, துணிக்கு நடுவே செருகி வைத்தது. பார்க்கிற அதிகாரிக்கு அது என்னவென்று எப்படித் தெரியும்? போதைப்பொருள் தடுப்பு ஆட்களும் அங்கே இருக்கிறார்கள், அவர்கள் வேலையே சந்தேகப்படுவது. கடையில் வாங்கிய, பெயர் அச்சிட்ட பாக்கெட்டுகளாகக் கொண்டுபோனால் கேள்வியே வராது. வீட்டுப் பொடிதான் வேண்டும் என்றால் மேலே பெயரை ஆங்கிலத்தில் எழுதி ஒட்டி, எல்லாவற்றையும் ஒரே பையில் பெட்டியின் மேல்பக்கம் வையுங்கள். ஒளித்து வைத்ததைக் கண்டுபிடித்தது மாதிரி இருக்கக் கூடாது.

ஒருமுறை எனக்கு முன்னால் நின்ற நம்மூர்க்காரர் ஒருவரின் பெட்டியிலிருந்து டேபிள் டாப் கிரைண்டரின் கல்லை வெளியே எடுத்து மேஜைமேல் வைத்தார்கள். கறுப்பான, கனமான, உருளையான கல். அதிகாரியம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, தட்டிப் பார்த்து, இது என்ன மெஷின், எதற்கு, விற்கவா என்று கேட்க, அவருக்குப் பதட்டத்தில் ஆங்கிலம் வரவில்லை. பின்னால் நின்றவர் யாரோ, "ஃபார் கிரைண்டிங் பீன்ஸ் மா" என்று சொன்னார். "ஆ! ஃபார் அகாரா!" என்று அந்தம்மா முகம் மலர்ந்துவிட்டது. காராமணியை ஊறவைத்துத் தோல் நீக்கி அரைத்து, வெங்காயமும் மிளகாயும் போட்டு எண்ணெயில் பொரிப்பதுதான் அகாரா, லாகோஸ் தெருவெல்லாம் காலையில் அதன் மணம்தான். அப்புறம் அங்கே நடந்தது சமையல் பேச்சு. கல்லை அவர்களே துணியில் சுற்றி உள்ளே வைத்து அனுப்பினார்கள். கொண்டுபோகும் பொருள் எதற்கு என்பதை இரண்டு வார்த்தையில் சொல்லத் தெரிந்திருப்பது முக்கியம் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

மருந்து விஷயத்தில் மட்டும் விளையாட்டே கூடாது. கோடீன் கலந்த இருமல் சிரப்பின் தயாரிப்பையும் இறக்குமதியையும் நைஜீரியா 2018 மே மாதம் தடை செய்துவிட்டது, இளைஞர்கள் அதைப் போதைக்காகக் குடித்து அழிந்ததால் வந்த தடை. டிரமடால் வலி மாத்திரைக்கும் அங்கே கடும் கட்டுப்பாடு இருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் போதைக்குப் பயன்பட்ட மாத்திரைகள் இந்தியாவிலிருந்து போனது அம்பலமாகி, 2025 பிப்ரவரியில் நம் அரசு டேபென்டடால் என்ற வலி மருந்தும் கரிசோபுரோடால் என்ற தசை தளர்த்தும் மருந்தும் சேர்ந்த கலவையின் ஏற்றுமதிக்குத் தடை போட்டது. இந்தப் பின்னணியில் இந்திய பாஸ்போர்ட்டோடு வருகிறவரின் மருந்துப் பை கூடுதலாகக் கவனிக்கப்படும், அது நியாயமும்கூட. சுகர், பிரஷர் மாத்திரைகளை அட்டையோடு, மருந்துச்சீட்டோடு, உங்களுக்குத் தேவையான அளவுக்கு மட்டும் கொண்டுபோங்கள். வீட்டில் இருக்கும் இருமல் சிரப்பின் லேபிளைப் படித்துப் பாருங்கள், கோடீன் என்று இருந்தால் ஊரிலேயே விட்டுவிடுங்கள். அங்கே இருக்கும் யாருக்காவது கொடுக்கச் சொல்லித் தெரிந்தவர் தரும் மருந்துப் பொட்டலத்தை, அவர் எவ்வளவு நெருக்கமானாலும், வாங்காதீர்கள். மாட்டினால் சிறை உங்களுக்கு.

பணம் சுருக்கமாக. இந்தியாவிலிருந்து டாலர் நோட்டாக ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் வரைதான் எடுக்கலாம், நைஜீரியாவில் 10,000 டாலருக்கு மேல் வைத்திருந்தால் அறிவிக்க வேண்டும். 100 டாலர் நோட்டுக்குக் கிடைக்கும் விலை 10, 20 டாலர் நோட்டுக்குக் கிடைக்காது, கிழிசல், பேனா எழுத்து, மடிப்பு இருந்தால் வாங்கவே மாட்டார்கள். வெளியே வந்ததும் "சேஞ்ச், சேஞ்ச்" என்று சூழ்வார்கள், அங்கே மாற்ற வேண்டாம். அன்றைக்கு அவசரத்துக்கு வேண்டிய நைராவை அழைக்க வருபவரிடம் கொண்டுவரச் சொல்லுங்கள். சிம்மும் அப்படித்தான். எம்டிஎன், நமக்குத் தெரிந்த ஏர்டெல், குளோ எல்லாம் உண்டு, ஆனால் பாஸ்போர்ட், கைரேகை எல்லாம் கொடுத்துப் பதிய வேண்டும், தூக்கக் கலக்கத்தில் அந்தக் கூட்டத்தில் செய்கிற வேலை இல்லை. முதல் நாளுக்கு ரோமிங்கோ இ-சிம்மோ போட்டுக்கொண்டு இறங்குங்கள், இறங்கியதும் வாட்ஸ்அப் வேலை செய்ய வேண்டும்.

அடுத்தது வெளியே வருவது. லாகோஸில் ஓரளவு பெரிய கம்பெனி எல்லாவற்றிலும் 'ப்ரோட்டோகால்' என்று ஓர் ஆள் இருப்பார். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களை அழைத்து வருவதுதான் அவர் வேலை. இவரைப் பற்றிக் கிளம்பும் முன்பே கம்பெனியிடம் கேட்டு வாங்குங்கள்: பெயர், போட்டோ, போன் எண். பெயர்ப் பலகை பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்பதற்காகப் பின்னால் போய்விடாதீர்கள், பலகையில் இருக்கும் பெயரைப் பார்த்து அதே பெயரை எழுதிக்கொண்டு வந்து நிற்கிற ஆட்களும் உண்டு. பலகையில் உங்கள் பெயருக்குப் பதிலாக உங்களுக்கும் கம்பெனிக்கும் மட்டும் தெரிந்த ஒரு சொல்லை எழுதச் சொல்லுங்கள், உங்கள் ஊர்ப் பெயர் போதும். 'மன்னார்குடி' என்று எழுதிய பலகையை வேறு யாரும் தூக்கிக்கொண்டு வர மாட்டார்கள். அவர் உங்களைப் பார்த்ததும் நீங்கள் அவர் எண்ணுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுங்கள், அவர் போன் அடித்தால் சரி.

அழைக்க யாரும் இல்லையென்றால் ஊபர், போல்ட் இரண்டும் ஓடுகின்றன. வண்டி வாசலுக்கு வருவது அபூர்வம், கார் நிறுத்துமிடத்துக்கு நடந்து வரச் சொல்வார்கள், வண்டி எண்ணைப் பார்த்துவிட்டு ஏறுங்கள். ஆப்பில் உங்கள் பதிவை ரத்து செய்துவிட்டுக் கையில் காசு கொடு என்றால் ஏறாதீர்கள். இலுபெஜு, இகேஜா பக்கம் இந்தியக் குடும்பங்கள் அதிகம், அங்கே போகிறவர்களுக்கு தூரம் பெரிதில்லை. விக்டோரியா ஐலண்ட், லெக்கி என்றால் 11.8 கிலோமீட்டர் நீளமுள்ள தேர்டு மெயின்லேண்ட் பாலத்தைத் தாண்ட வேண்டும், ஞாயிறு காலையில் முக்கால் மணியில் போகிற தூரத்துக்கு வார நாள் சாயங்காலத்தில் மூன்று மணி நேரமும் ஆகும். இரவு பத்து மணிக்கு மேல் இறங்குகிறீர்கள், அழைக்க நம்பகமான ஆள் இல்லை என்றால் இகேஜாவிலேயே ஒரு ஹோட்டலில் படுத்துவிட்டு விடிந்ததும் கிளம்புங்கள். அந்த ஒரு இரவு வாடகையை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள்.

கானோ, அபுஜா, போர்ட் ஹார்கோர்ட் என்று உள்நாட்டு விமானம் பிடிக்க வேண்டியவர்கள் கவனிக்க: உள்நாட்டு முனையங்கள் சர்வதேச முனையத்திலிருந்து சுமார் 1 கிலோமீட்டர் தள்ளித் தனியாக இருக்கின்றன, அதிலும் எம்எம்1, எம்எம்2 என்று வேறு வேறு, விமான நிறுவனத்தைப் பொறுத்து மாறும். பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்து காரில்தான் போக வேண்டும். இரண்டு விமானத்துக்கும் நடுவே குறைந்தது ஐந்து மணி நேரம் விடுங்கள், முடிந்தால் மறுநாள் காலை விமானம் போடுங்கள். உள்நாட்டு விமானங்கள் தாமதமாவது அங்கே அன்றாட விஷயம். காலை முதல் விமானத்துக்கு மட்டும் ஓரளவு நம்பிக்கை வைக்கலாம்.

ஊருக்குத் திரும்பும்போது நான்கு மணி நேரம் முன்னால் போய்விடுங்கள், ரோட்டு நெரிசலுக்குத் தனியாக இரண்டு மணி நேரம் போட்டுக்கொள்ளுங்கள். பெட்டியைக் கையால் பிரித்துப் பார்க்கும் மேஜை இங்கேயும் உண்டு, அதனால் பூட்டுச் சாவியைக் கையில் வையுங்கள், பிளாஸ்டிக் தாள் சுற்றுவதை அந்தச் சோதனை முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். வேலையில் இருப்பவர்கள் செர்பாக் அட்டையைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்து நீட்ட வேண்டும், அதன் தேதி முடிந்திருந்தால் அங்கே நின்றுகொண்டு எதுவும் செய்ய முடியாது, ஒரு மாதம் முன்பே கம்பெனியை நெருக்குங்கள்.

டிசம்பர், ஜனவரியில் பயணம் என்றால் இன்னும் இரண்டு விஷயம். கிறிஸ்துமஸுக்கு லண்டனிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் நைஜீரியர்கள் வீட்டுக்கு வரும் காலம் அது, டிக்கெட் விலையும் கூட்டமும் உச்சத்தில் இருக்கும், செப்டம்பரிலேயே டிக்கெட் போட்டுவிடுங்கள். அதே மாதங்களில்தான் சகாரா பாலைவனத்திலிருந்து புழுதியை அள்ளிக்கொண்டு ஹர்மட்டான் காற்று வீசும், சில காலையில் ஓடுபாதை தெரியாத அளவுக்கு மூட்டமாகிவிடும். லாகோஸில் இறங்க வேண்டிய விமானத்தை கானாவின் அக்ராவுக்குத் திருப்பிவிடுவதும் நடக்கும். அப்படி ஆனால் விமானத்திலேயே சில மணி நேரம் உட்கார வைத்துவிட்டு மூட்டம் விலகியதும் மறுபடி கூட்டிவருவார்கள், சில சமயம் இரவு தங்கும்படியும் ஆகும். அன்றைய மாத்திரை, ஒரு மாற்றுத் துணி, சார்ஜர், காகிதங்கள் எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். அழைக்க வருபவரிடம் விமான எண்ணைக் கொடுத்து, விமானம் இப்போது எங்கே இருக்கிறது என்று போனில் பார்த்துவிட்டே வீட்டிலிருந்து கிளம்பச் சொல்லுங்கள்.